ஊருக்கு ஒரு பதிப்பு, சேரிக்கு ஒரு பதிப்பு



எந்தத் தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவருடைய பழக்கம் ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். காலையில் டீக்கடையில் நாளிதழைப் பிரிக்கும்போதே கையில் சிவப்புப் பேனா இருக்கும். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்ற தலைப்பைக் கண்டால் ‘மோதல்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தாக்குதல்’ என்று எழுதுவார். கடைக்காரர் முதலில் சண்டை போட்டார். பிறகு அந்தத் தாள்களை அவரே எடுத்துவைத்துத் தர ஆரம்பித்தார்.

சேரிக்குள் புகுந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் ஒரு தரப்பு. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இன்னொரு தரப்பு. இது வெறும் சொற்பிழை என்று நாம் நினைக்க முடியாது. ‘மோதல்’ என்று அச்சானால், காவல் நிலையத்தில் நம்மவர்கள் மீதும் ஒரு எதிர் வழக்குப் பதிவாவது எளிதாகிவிடுகிறது. அந்த எதிர் வழக்கைக் காட்டித்தான் வன்கொடுமை வழக்கைச் சமரசத்துக்கு இழுக்கிறார்கள்.

எதேச்சதிகாரத்தில் ஊடகத்தின் பங்கு பற்றிப் பேசச் சொன்னீர்கள். தணிக்கை, தடை, கைது என்றுதான் இந்தப் பேச்சு வழக்கமாகத் தொடங்கும். நாம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குவோம்: தணிக்கை அதிகாரி வருவதற்கு முன்பே யாருடைய சாவு செய்தியாகாமல் இருந்தது? இதற்கு விடை தேட நாங்கள் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்கிறோம். 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில், சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. இந்திய அரசு அதை எதிர்த்தது. எங்களில் பலர் அப்போது கல்லூரியில் இருந்தோம். அந்த நாட்டின் வரலாற்றை அக்கறையோடு படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் ‘தி வேர்ல்ட்’ என்று ஒரு நாளிதழ் இருந்தது. அது புரட்சி ஏடு அல்ல. வெள்ளையருக்குச் சொந்தமான நிறுவனம், கறுப்பின வாசகர்களுக்காக நடத்தியது. குற்றச் செய்தியும் கால்பந்தும் மாந்திரீகமும்தான் அதன் சரக்கு. 1974இல் பெர்சி கோபோசா ஆசிரியரானார். ஏட்டின் முகம் மாறத் தொடங்கியது.

1976 ஜூன் 16. ஆப்பிரிகான்ஸ் மொழியில் பாடம் நடத்துவதை எதிர்த்து சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். காவல்துறை சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை இன்னொரு மாணவர் தூக்கிக்கொண்டு ஓட, பக்கத்தில் அவனுடைய அக்கா கதறிக்கொண்டு ஓடிவருகிற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் ‘தி வேர்ல்ட்’ ஏட்டின் சாம் நிசிமா. படச்சுருளைக் காலுறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. நிசிமா சொந்த ஊருக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கேயும் வீட்டுக் காவல். பத்திரிகைப் புகைப்படக்காரராக அவர் அதன்பின் வாழவே இல்லை. படத்தின் காப்புரிமை அவர் கைக்கு வந்தது 1998இல், அதாவது 22 ஆண்டுகள் கழித்து. பிள்ளையைத் தூக்கி ஓடிய ம்புயிசா மகுபோ நாட்டைவிட்டுத் தப்பினார்; அவருக்கு என்ன ஆயிற்று என்று அறியாமலே அவருடைய தாய் இறந்துபோனார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நாட்களில் வெள்ளைச் செய்தியாளர்கள் சொவெட்டோவுக்குள் எளிதில் போக முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் கறுப்பினச் செய்தியாளர்கள். பலருக்கு வீடே அங்கேதான். நாட்டுக்கும் உலகத்துக்கும் கண்ணாக இருந்தவர்கள் அவர்கள். அடியும் சிறையும் அவர்களுக்கே முதலில் விழுந்தன. ‘ராண்ட் டெய்லி மெயில்’ ஏட்டின் புகைப்படக்காரர் பீட்டர் மகுபானேயின் மூக்கை உடைத்தார்கள்.

அதே ‘ராண்ட் டெய்லி மெயில்’ நிறவெறியை எதிர்த்த தாராளவாத ஏடு. அதன் துணிச்சலை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏட்டுக்கும் கறுப்பினக் குடியிருப்புகளுக்கென்று தனிப் பதிப்பு இருந்தது. குடியிருப்புச் செய்தி அந்தப் பதிப்பில் வரும்; வெள்ளையர் வீட்டுக்குப் போகும் தாளில் அதில் பெரும்பகுதி இருக்காது. ஊருக்கு ஒரு பதிப்பு, சேரிக்கு ஒரு பதிப்பு. இதற்கு அரசாங்கம் ஆணை போட வேண்டியிருக்கவில்லை. விளம்பரக்காரரின் கணக்கே போதுமானதாக இருந்தது. (மாவட்டச் செய்திப் பக்கம் மாவட்டத்தைத் தாண்டாத நம் நாளிதழ்கள் உங்கள் நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல.)

1977 செப்டம்பர் 12இல் ஸ்டீவ் பிகோ காவலில் இறந்தார். அவர் பேச்சை எந்த ஏடும் மேற்கோள் காட்டக்கூடாது என்று 1973 முதலே தடை இருந்தது. உண்ணாவிரதத்தால் இறந்தார் என்பதுபோல அமைச்சர் சொன்னார். தலையில் பட்ட காயமே காரணம். உண்ணாவிரதக் கதை பொய் என்பதை வெளிக்கொண்டு வந்ததில் ‘ராண்ட் டெய்லி மெயில்’ செய்திக்கும் பங்கு உண்டு. அடுத்த மாதம் 19ஆம் தேதி ‘தி வேர்ல்ட்’ தடை செய்யப்பட்டது. கோபோசா விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம் உட்பட 18 அமைப்புகள் அன்று ஒரே நாளில் தடைக்குள்ளாயின. எந்தக் குரலுக்கு அரசு பயந்தது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1997இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஊடகங்களையும் விசாரித்தது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் தங்கள் அலுவலகங்களுக்குள்ளேயே நடந்த பாகுபாட்டைச் சொன்னார்கள். ஆப்பிரிகான்ஸ் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அவர்களுடைய நிறுவனம் வரவில்லை. நம் நாட்டில் ஒரு நாளிதழை இப்படிக் கூப்பிட்டு, ‘உன் செய்தியறையில் எத்தனை தலித்துகள்?’ என்று கேட்க இன்றுவரை ஒரு ஆணையமும் இல்லை.

நமக்கென்று ஏடு வேண்டும் என்பது புதிய யோசனையும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைத் திலகரின் ‘கேசரி’ வெளியிட மறுத்தது. சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவரின் ஏடு அது என்பதை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நிய ஆட்சியை எதிர்க்கத் தெரிந்த ஏட்டுக்கு, அடுத்த தெருவின் குரல் காதில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை.

ஆகவே, பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நாமும் தெருவில் நிற்போம். செய்தியாளர் கைதானால் அவர் எந்த ஏட்டுக்காரர் என்று பார்க்காமல் நிற்போம். அதோடு, செய்தியறைக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் விடமாட்டோம். சொவெட்டோவின் படம் சொவெட்டோ மக்களுக்கான ஏட்டின் புகைப்படக்காரரிடமிருந்துதான் வந்தது.

தோழர் விட்டுச்சென்ற சிவப்பு மை பட்ட தாள்களை வட்டார வாரியாகப் பிரித்து எங்கள் அலுவலகத்தில் அடுக்கிவைத்திருக்கிறோம். சில தாள்கள் செல்லரித்துவிட்டன. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அந்த ஊருக்குப் போய், என்ன நடந்தது என்று கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். முதல் கோப்பில் பாதிகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.