மலைநாட்டுச் சமையலும் மின்சாரப் பிரஷர் குக்கரும்



சமவெளியிலிருந்து நீலகிரிக்கு மாற்றலாகி வரும் குடும்பத்தார், வந்த சில நாட்களுக்குள் ஒரு குறையைக் கூறுவது வழக்கம். "இந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது" என்பதே அக்குறை. எங்கள் பிக்கட்டியிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆனால், பழியைத் தண்ணீர்மீது சுமத்துவது முறையாகாது. குற்றம் தண்ணீரில் இல்லை; மலையின் உயரத்தில் இருக்கிறது.

1835ஆம் ஆண்டில், சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து சென்றார். இரவு முழுவதும் அடுப்பில் கிடந்தும், மறுநாள் காலையில் மீண்டும் கொதித்தும், உருளைக்கிழங்கு வேகவில்லையாம். உடன் சென்ற வழித்துணைவர் இருவர், அந்தப் புதுப் பானைக்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று முடிவு கட்டினராம். இங்கே தண்ணீருக்குக் கிடைத்த பழி, அங்கே பானைக்குக் கிடைத்தது. உருளைக்கிழங்கு விளையும் மலையில் வாழும் நமக்கு இக்கதை நன்றாக விளங்கும்.

காரணம் யாது? நம் தலைக்குமேல் நிற்கும் காற்று நீரின்மீதும் அழுந்திக்கொண்டிருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நீரும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் இது குறையும். சென்னையில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலோ 92 அல்லது 93 டிகிரியில் கொதிக்கிறது. கொதித்த பின்னர் எவ்வளவு விறகை அடுக்கினாலும் அதன் வெப்பம் ஏறாது. நீர்தான் ஆவியாகி வற்றும். வாயு அடுப்பானால் சிலிண்டர் விரைவில் காலியாகும்.

இதற்கு மாற்று, பானையின் வாயை இறுக மூடி நீராவியை உள்ளேயே அடைப்பதாகும். பிரான்சு நாட்டில் பிறந்த டெனிஸ் பாப்பின் என்பவர் 1679ஆம் ஆண்டில் லண்டனில் இத்தகைய கலம் ஒன்றைச் செய்து காட்டினார். அது வெடித்துவிடாமல் காக்கும் வால்வும் அவர் கண்டதே. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டையொட்டிப் பிரஷர் குக்கர் உற்பத்தி தொடங்கியது. பிற்காலத்தில் அதன் விசில் ஓசை கேட்காத தெருவே இல்லை என்னும் நிலை வந்தது.

இந்தக் குக்கரின் இளைய உடன்பிறப்புத்தான் மின்சாரப் பிரஷர் குக்கர். அடுப்பும் கலமும் கடிகாரமும் ஒன்றாக அமைந்த சாதனம் அது. உள்ளே உள்ள உணர்கருவி வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து, வேண்டும்போது மின்சாரத்தை விடும், போதும்போது நிறுத்தும். இதை நம் மலைவீட்டில் வாங்கி வைக்கலாமா என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில் நன்மைகளைக் காண்போம். காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கு, அடுப்பருகே நின்று விசிலை எண்ணும் நேரம் மிச்சமாகிறது. ஊறவைத்த பயற்றை இட்டுப் பொத்தானை அழுத்தினால், வெந்ததும் சாதனம் தானே நின்று, உணவைச் சூடாகவும் வைத்திருக்கும். இக்குளிரில் அது சிறிய உதவியன்று. விறகுப் புகை இல்லை. கண்ணும் நுரையீரலும் பிழைக்கும். விறகுக்காகச் சோலைக் காட்டை நாட வேண்டிய தேவையும் குறையும். மின்செலவும் அஞ்சத்தக்கதன்று. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓயாது இயங்கினால்தான் ஒரு யூனிட் ஆகும். இதுவோ அழுத்தம் ஏறும்வரை முழுமையாகவும், பின்னர் விட்டுவிட்டும் இயங்குகிறது.

இனிக் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுப்பில் வைக்கும் குக்கர் பொதுவாக வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு மிகுதியான அழுத்தம் தருகிறது. மின்சாரக் குக்கர்களில் பல 10 முதல் 12 பவுண்டு வரையே தருகின்றன. வெளிக்காற்றே இளைத்திருக்கும் உதகையில், முன்னதன் உள்ளே வெப்பம் 117 டிகிரியை எட்டும். பின்னதில் 111 முதல் 113 வரையே ஏறும். சாதனத்தோடு வரும் குறிப்புப் புத்தகமோ பெரும்பாலும் சமவெளியைக் கருதி எழுதப்பட்டது. அதிலுள்ள நிமிடங்களை அப்படியே நம்பினால் பயறு அரைவேக்காடாகும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் நேரத்தைக் கூட்டுக என்பது வழக்கிலுள்ள விதி. உதகையின் உயரத்திற்கு இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதாவது, 40 நிமிடம் என்றிருந்தால் 50 நிமிடம் வைக்க வேண்டும்.

அரைவேக்காடு சுவையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ராஜ்மா எனப்படும் சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. அது நன்கு வேகாவிடில், ஒரு சில பருப்புகளே கடும் வாந்தியை உண்டாக்கப் போதும். மின்சாரக் குக்கர்கள் சிலவற்றில், அழுத்தமின்றி மெல்ல வேகவைக்கும் முறையும் அமைந்திருக்கிறது. அந்த முறையில் ராஜ்மாவைச் சமைத்தல் கூடாது. இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அழுத்தத்தோடு முழுவதும் வேகவைப்பதே பாதுகாப்பு.

வேறு குறைகளும் உள. தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மின்சாரக் குக்கர் வெறும் பாத்திரமே. குந்தாப் புனல்மின் நிலையங்களின் அண்டையில் வாழ்ந்தும் விளக்கில்லாத இரவுகள் நமக்குப் புதியவை அல்ல. சாதாரணக் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் கடைவீதியில் மாற்றலாம். மின்சாரக் குக்கரின் உள்மூளை பழுதுற்றால், அதை அறிந்த தொழிலாளியை நகரத்தில் தேட வேண்டும். விலையும் மிகுதி. வெந்ததா என்று இடையில் திறந்து பார்க்கவும் இயலாது.

எனவே என் முடிவு இது. காலையில் வேலைக்குப் புறப்படும் வீட்டுக்கும், புகை ஆகாத நோயாளியோ முதியவரோ உள்ள வீட்டுக்கும் இச்சாதனம் நல்ல துணை. ஆயினும், பழைய குக்கரைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். மின்சாரம் நின்ற நாளில் அதுவே அன்னமிடும். மலையில் மூடிய கலம் ஆடம்பரமன்று, தேவை. ஆனால், அது எந்தக் கலம் என்பதை விளம்பரம் தீர்மானிக்கலாகாது. நம் ஊரும் நம் வீட்டின் நிலைமையும் தீர்மானிக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி இருக்கும். ஆசிரியரின் துணையோடு, கொதிக்கும் நீரில் அதை வைத்து, உங்கள் ஊரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வீட்டிலுள்ளோருக்கும் சொல்லுங்கள். பாடப் புத்தகத்திலுள்ள 100 என்னும் எண் கடற்கரைக்கு உரியது. நீங்கள் கண்டறிந்த எண்ணே உங்கள் அடுக்களைக்கு உரியது. எந்தப் புதிய பொறி வந்தாலும், அதனோடு வரும் நேரக் கணக்கை அந்த எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ள உங்களால் முடியும்.