முனை கீழே பார்த்த ஈட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2006-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் திபெத்தின் பழைய ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். இரும்பிலே பொன்னும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு. காவல் தெய்வங்களின் சந்நிதியில் காணிக்கையாகக் கிடந்ததால்தான் அப்படிப்பட்டவை பல இன்றும் மிஞ்சியிருக்கின்றன. ஈட்டி என்றால் அப்படி இருக்கணும் என்று நமக்கும் தோன்றும்.

நம்ம பக்கத்து ஈட்டி அப்படியில்லை. கடியப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில், ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி போய், திருச்செந்தூர் சாலையில் இன்னும் 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரம்பு. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அங்கே போகிறவர்கள் பொன் நெற்றிப்பட்டத்தைத்தான் தேடுவார்கள். அழகு வேலையெல்லாம் வெண்கலத்தில். எருமையும் சேவலும் செய்து வைத்திருக்கிறார்கள். இரும்பு ஈட்டியோ துருவேறிய வெறும் துண்டு. யாரும் நின்று பார்க்கமாட்டார்கள்.

ஆனால் ரீ ஒன்றைக் கவனித்து எழுதி வைத்தார். இரும்பு ஆயுதங்கள் முனை கீழே பார்த்தபடி இருந்தனவாம். துக்கத்துக்கு வந்து சுற்றி நின்றவர்கள் மண்ணில் குத்தி இறக்கியது போல. அதுவாக்கும் விஷயம்! திபெத்துக்காரர் சாமிக்குக் கொடுத்தார். நம்மாள் செத்துப்போனவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஈட்டி இதைச் சொல்லாது. தோண்டும்போதே பார்த்துக் குறித்தால்தான் உண்டு. பிடுங்கிய பிறகு எத்தனை பெரிய நிபுணர் வந்தாலும் முனை எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்லமுடியாது. 2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்தது அதனால்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இங்கே இருக்கும் பிள்ளைகளில் நாளைக்கு இன்ஜினியர் ஆகிறவன் இருப்பான், காண்டிராக்டர் ஆகிறவன் இருப்பான். அஸ்திவாரம் தோண்டும்போது தாழியோ இரும்போ தட்டுப்பட்டால் ஜேசிபியை நிறுத்து மக்கா. எடுக்காதே, கழுவாதே. என்ன ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எழுதி, போட்டோ எடுத்து வை. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அதில் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. துருப்பிடித்த இரும்புக்குப் பத்து ரூபாய் தேறுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காமல் போய்ச் சொல்லிவிடு.