மருந்து இரசாயனக் கல்வி

நோயுற்றபோது ஒரு மாத்திரையை வாங்கி நீரோடு விழுங்கிவிடுகிறோம். அதற்குப் பின்னே எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுழைப்புக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் கல்வியே மருந்து இரசாயனம்.

தென் தில்லியில், நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பழைய கிராமம் முனிர்கா. அதன் நெருங்கிய சந்துகளில் வாடகை அறை எடுத்துத் தங்கி, அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர் பலர். 1969-இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பட்டம் தில்லி எல்லையோடு நின்றதில்லை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்த மாணவர் பலரும் முனைவர் பட்டத்தை இங்கிருந்தே பெற்றனர்.

1951-இல் தொடங்கிய அந்நிலையத்தில் ஆரம்பம் முதலே பணியாற்றியவர் நித்ய ஆனந்த். பின்னர் 1974 முதல் 1984 வரை அதன் இயக்குநராகவும் இருந்தார். அவர் முதலில் ஆராய்ச்சி பயின்றது பம்பாயில், சென்னையில் பிறந்த கே. வெங்கடராமனிடம். ஆசிரியரோ சாயப் பொருள்களின் இரசாயனத்தில் புகழ்பெற்றவர்! சாயமாயினும் மருந்தாயினும், பொருளை ஆக்கவும், தூய்மை செய்யவும், அதன் அமைப்பை ஐயமற நிறுவவும் வேண்டிய கைத்திறன் ஒன்றே.

ஆயினும் கைத்திறன் மட்டும் போதாது. கண்ணாடிக் குப்பியில் கிருமியைக் கொல்லும் பொருள், உடலுக்குள் சென்றதும் பயனற்றுப் போகலாம். இரைப்பையின் அமிலம் அதைச் சிதைக்கும். கல்லீரல் அதை மாற்றிவிடும். நோயுள்ள இடத்தை அடையாமலே அது வெளியேறும். அன்றி இதயத்துக்கே தீங்கு செய்யும். ஆகவே மாணவன் தான் ஆக்கிய பொருளை உயிரியல் அறிஞரிடம் கொடுத்து, உடல் தரும் விடையைக் கேட்டு, மூலக்கூறின் ஒரு பகுதியை மாற்றி மீண்டும் தொடங்க வேண்டும். உடலின் மொழியைக் கற்காத இரசாயனி இங்கே பாதி மாணவனே.

இன்னொரு சங்கடமும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள்; மருந்துக்கோ அதைப் போலப் பன்மடங்கு. லக்னோ நிலையத்தில் 1960-களில் உருவான சென்ட்குரோமன் என்னும் கருத்தடை மருந்து 1991-இல்தான் கடைக்கு வந்தது. தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் அது இடம்பெற்றது 2016-இல். தொடக்கத்தில் உழைத்த மாணவன் பட்டம் பெற்று, வேலைக்குச் சென்று, தலை நரைத்த பின்பே பலன் கண்ணுக்குத் தெரியும்.

எனவே பயன்படாத நூறு பொருள்களைப் பற்றிய குறிப்பேடும் நேர்மையாக எழுதப்பட வேண்டும். அடுத்து வருபவன் அதே பாதையில் வீணே நடவாதிருக்க அதுவே வழிகாட்டி. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற மொகாலி நிலையம் இதனைத் தனித்துறையாகவே கற்பிக்கிறது. துறைகள் பெருகுவது நன்று. வெற்றியை மட்டும் எண்ணாமல், செம்மையாகச் செய்து தோற்ற சோதனைக்கும் மதிப்பளிக்கும் ஆசிரியர்கள் அங்கெல்லாம் அமைவாராயின், நாளைய நோயாளிக்கு அது பேருதவியாகும்.