சோர்வும் தன்னம்பிக்கையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சோர்வு. பகலெல்லாம் ஓடியாடிய உடலுக்கு மாலையில் வரும் சோர்வைப் பற்றி விரித்துப் பேச வேண்டியதில்லை. உண்டு உறங்கி எழுந்தால் அது தானே நீங்கிவிடும். ஆனால் உறங்கி எழுந்த பிறகும் நீங்காத சோர்வு ஒன்று உண்டு. புத்தகம் திறந்திருக்கும், கண் வரிகளின்மேல் செல்லும், ஒரு சொல்லும் உள்ளத்தில் இறங்காது. நேற்றுவரை விரும்பிக் கற்ற பாடம் இன்று பெருஞ்சுமையாகத் தோன்றும். அதன் பின்னாலேயே, ‘என்னால் இயலாது, எனக்கு அறிவு போதாது’ என்ற ஐயமும் மெல்லத் தலைகாட்டும். உள்ளச் சோர்வும் தன்னைத் தானே ஐயுறும் எண்ணமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்தச் சோர்வு முயற்சி இல்லாத மாணவனைவிட முயற்சி மிகுந்த மாணவனையே பெரிதும் பற்றுகிறது. ஏற்றாத விளக்கில் எண்ணெய் எவ்வாறு தீரும்? எரிகின்ற விளக்கில்தான் தீரும். ஆயினும் வீட்டிலும் பள்ளியிலும் நாம் இதற்கு இடும் பெயர் சோம்பல் என்பதே. திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் இடுக்கண் அழியாமைக்கு வேறோர் அதிகாரமும் இருக்கின்றன. மடி வேறு, இடுக்கண் வேறு என்று பிரித்து உணர்ந்த மொழி நம்முடையது. சோம்பல் உடையவனுக்கு வேலையைத் தொடங்கவே விருப்பம் இல்லை. சோர்ந்தவனோ தொடங்க விரும்பியும் இயலாமல் வருந்துகிறான். முன்னவனைத் தூண்டினால் எழுந்துவிடுவான். பின்னவனைத் தூண்டத் தூண்ட அவன் துன்பமே மிகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இத்தகைய சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. ஆற்றல் முழுதும் வடிந்துவிட்டது போன்ற உணர்வு ஒன்று. செய்யும் தொழிலிலிருந்து உள்ளம் விலகி, அதன்மேல் வெறுப்புக் கொள்ளுதல் மற்றொன்று. தன் திறமை குறைந்துவிட்டது என்ற நிலை மூன்றாவது. இதனை ஒரு நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை. தொழில் செய்யும் இடத்தில் நெடுநாள் தணியாமல் நின்ற நெருக்கடியின் விளைவு என்றே கூறுகிறது. தொழில் செய்வோரைக் கருதியே இது வகுக்கப்பட்டது. ஆயினும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் பலர் இம்மூன்றிலும் தம் முகத்தைக் காண்பார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் இந்நிலைக்கு ஆளான ஓர் இளைஞரின் வரலாற்றைச் சொல்கிறேன். அவர் பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1806-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் பெரிய அறிஞர். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். மூன்றாம் வயதில் கிரேக்கமும் எட்டாம் வயதில் இலத்தீனும் தொடங்கப்பட்டன. வேலை செய்யும் பழக்கம் விட்டுப்போகும் என்று அஞ்சி விடுமுறை நாள் என்பதே விடப்படவில்லை. எட்டு வயதில் தங்கைக்கு இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பும் அந்தச் சிறுவன்மேல் விழுந்தது. 1823-இல், பதினேழாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் தந்தையின்கீழ் எழுத்தராகச் சேர்ந்தார். அலுவல் போக எஞ்சிய நேரமெல்லாம் கட்டுரை எழுதுவதும் விவாதக் கழகத்தில் பேசுவதும் அவர் வேலை. இவற்றோடு ஜெரமி பெந்தம் என்ற சட்ட அறிஞரின் கையெழுத்துப் படிகளை ஒழுங்குபடுத்தி நூலாக்கும் பணியையும் மேற்கொண்டார். அது 1827-இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வளவும் இருபத்தொரு வயது நிரம்பும் முன்பே!

1826-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்த உள்ளம் திடீரென்று நின்றுவிட்டது. உலகத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்வின் குறிக்கோள் என்று அதுவரை அவர் நம்பியிருந்தார். ஒருநாள், தாம் விரும்பும் மாறுதல்கள் எல்லாம் அந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே கேட்டுப் பார்த்தார். உண்டாகாது என்று உள்ளம் விடை கூறியது. அவர் வாழ்க்கை கட்டப்பட்டிருந்த அடித்தளமே சரிந்தது. உறக்கம் அத்துயரைத் தீர்க்கவில்லை. விரும்பிப் படித்த நூல்களும் சுவைக்கவில்லை. அவர் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. இத்தனை பாடுபட்டு வளர்த்த தந்தையிடம் சொல்லவோ மனம் துணியவில்லை. அலுவலை மட்டும் பழக்கத்தின் விசையால் இயந்திரம்போல் செய்து வந்தார்.

ஏறத்தாழ அரையாண்டு இவ்வாறு கழிந்தது. ஒருநாள் மார்மொந்தேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகளைத் தற்செயலாகப் படித்தார். தந்தையை இழந்து குடும்பமே கலங்கி நிற்கும்போது, சிறுவனாகிய மார்மொந்தேல் அவர்கள் இழந்ததற்கெல்லாம் தானே ஈடாக நிற்பதாக உறுதி கொள்ளும் இடம் அது. அதைப் படித்த மில்லின் கண்களில் நீர் பெருகியது. தம் உள்ளம் முற்றும் வறண்டுவிடவில்லை என்பதை அந்தக் கண்ணீரால் அவர் அறிந்தார். அன்றுமுதல் சுமை சிறிது சிறிதாக இறங்கியது.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தத் துயரம் பின்னும் சில முறை திரும்பி வந்தது என்றும், பல மாதங்கள் நீடித்ததும் உண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் முதல் முறை வருந்திய அளவுக்குப் பின்னர் வருந்தவில்லை. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தார். இயற்கையின் அழகில் உள்ளம் தோயப் பழகினார். பின்னர் 1843-இல் தருக்கவியல் பற்றிய பெருநூலையும், 1859-இல் சுதந்திரத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலையும் வெளியிட்டார். 1865-இல் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் விண்ணப்பத்தை அம்மன்றத்தில் அளித்தவரும் அவரே.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, மில்லுக்கு அறிவு குறைந்து சோர்வு வரவில்லை. அறிவை மட்டும் இரவும் பகலும் உழைக்க வைத்து, உணர்ச்சிக்கு உணவு அளிக்காமல் விட்டதனால் வந்தது. ஒரே பயிரை ஓயாமல் விளைவித்தால் நல்ல நிலமும் களைத்துப் போகும் என்பதை நம் உழவர் அறிவர். இரண்டாவது, மகிழ்ச்சி நேரே துரத்திச் சென்றால் அகப்படுவதில்லை என்று அவர் கண்டுகொண்டார். ஒரு செயலை அதன் பொருட்டே விரும்பிச் செய்யும்போது மகிழ்ச்சி வழியில் வந்து சேர்கிறது. மதிப்பெண்ணும் அவ்வாறே. நாள்தோறும் ‘எத்தனை வரும், எத்தனை வரும்’ என்று எண்ணுகிறவனுக்குப் பாடத்தின் சுவை தெரிவதில்லை. மூன்றாவது, அவர் அரையாண்டு வாய்மூடி இருந்தார். இந்த ஒன்றில் மட்டும் அவரை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

மில்லின் சோர்வு உள்ளிருந்து எழுந்தது. தன் ஆற்றலைப் பற்றிய ஐயமோ சில வேளைகளில் பிறர் சொல்லும் ஒரு சொல்லால் எழுகிறது. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1880-ஆம் ஆண்டு உ. வே. சாமிநாத ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள், தலபுராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்புக் குறியே தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பது போலக் கேட்டு, சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

இளம் ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட மனத்தைச் சுடும் சொல் வேறு என்ன வேண்டும்? ‘இத்தனை ஆண்டு படித்ததும் வீணா?’ என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கலாம். கேட்டவர்மேல் சினம்கொண்டு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். ஐயர் இரண்டையும் செய்யவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார். பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண சமயக் காப்பியம் ஆதலால், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று, அவர்கள் சிந்தாமணி படிக்கும் இடத்தில் உடனிருந்து கேட்டு ஐயம் தெளிந்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பின் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று வரிசையாக வெளிவந்தன. இன்று நீங்கள் பாடநூலில் படிக்கும் பழந்தமிழ்ச் செல்வத்தில் பெரும்பகுதி அவ்வாறு கிடைத்ததே.

தம் ஆற்றலில் முழு நம்பிக்கை வந்த பிறகா அவர் வேலையைத் தொடங்கினார்? முதலில் தொடங்கினார்; விளங்காத ஒரு செய்யுள் விளங்கியது; பிறகு மற்றொன்று விளங்கியது; நம்பிக்கை அவ்வாறு வளர்ந்தது. ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1977-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் தன்னம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் கூறினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்து முடிப்பதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலும் உள்ளமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கருத்து. ஆகவே நூறு முறை ‘உன்னால் முடியும்’ என்று கேட்பதைவிட, ஒரு கணக்கைத் தானே போட்டு முடிப்பது மாணவனுக்கு அதிகத் துணை செய்யும்.

இனி, நடைமுறைக்கு உரிய சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் உறக்கத்தைத் திருப்பி வாங்குங்கள். சோர்ந்த கண்ணோடு நள்ளிரவில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, தெளிந்த உள்ளத்தோடு ஒரு மணி நேரம் படிப்பது மேல். இரண்டாவதாக, மலைபோல் தோன்றும் பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். ‘இன்று இயற்பியலை முடிப்பேன்’ என்று சூளுரைக்க வேண்டாம். ‘இந்த இரண்டு பக்கங்களை விளங்கிக்கொள்வேன்’ என்று உட்காருங்கள். முடித்ததும் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சென்று அந்தக் குறிப்பைப் பார்த்தால், உங்களை ஐயுறும் எண்ணத்திற்கு நீங்களே காட்டும் சான்று அதில் இருக்கும். மூன்றாவதாக, படிப்பை நாட்களின்மேல் பரப்புங்கள். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளிவிட்டுத் திரும்பப் படிப்பது நினைவில் நன்கு நிற்கும் என்று ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-ஆம் ஆண்டிலேயே தம்மையே சோதித்துக் கண்டு எழுதினார். நான்காவதாக, மதிப்பெண் இல்லாத ஒன்றை வாழ்க்கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டாகட்டும், பந்தாட்டமாகட்டும், வீட்டுப் பின்புறத்தில் நான்கு செடிகளாகட்டும். அதில் யாரும் உங்களை எடைபோடக் கூடாது.

ஐந்தாவது எல்லாவற்றிலும் முக்கியமானது. யாரிடமாவது சொல்லுங்கள். தாயிடமோ தமையனிடமோ நம்பிக்கைக்கு உரிய ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சோர்வு பல வாரங்கள் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வதே வீண் என்ற எண்ணம் தோன்றுமானால், அதைத் தனி முயற்சியால் வென்றுவிடலாம் என்று இருந்துவிடக் கூடாது. கால் முறிந்தவன் மருத்துவரிடம் போவதற்கு நாணுவதில்லையே! இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிப் பணியை 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை உங்களுக்காக இல்லாவிடினும், உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் தோழனுக்காகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பேச்சைக் கேட்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சடங்கி, புத்தகத்தின் முன் வெறுமனே அமர்ந்திருந்தால், அவனைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அருகில் அமர்ந்து, ‘என்னப்பா, களைப்பாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். மில்லின் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லாமற் போயிற்று.

மாணவ நண்பர்களே, நாளைக் காலையில் நீங்கள் செய்யவேண்டுவது சிறியது. உங்களுக்கு மிகவும் அச்சம் தரும் பாடத்தில் மிக எளிய பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேரம் அதனோடு இருங்கள். விளங்கினால் மகிழுங்கள், விளங்கவில்லையானால், விளங்கியவரைத் தேடிச் சென்று கேளுங்கள். உங்கள் முயற்சி நலம் பெறுக.