மன்னார்த் துறையும் தாராபுரமும்

மன்னார்த் தீவிலே, பட்டினத்திற்கு வடமேற்கே அமைந்த ஊர் தாராபுரம். அங்கிருந்து பட்டினம் வந்து, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தை அணுகினால், நான்கு கொத்தளங்களோடும் அகழியோடும் ஒரு பழைய கோட்டை தோன்றும். அதைக் கண்டு வியப்போர் பலர். ஒரு துறைமுகத்தை வாழவைப்பது கோட்டைதானா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இக்கோட்டையை 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மூவரையும் இம்மணல் தீவுக்கு இழுத்தவை இரண்டு. ஒன்று, தெற்கே அரிப்புக் கடலிலே விளைந்த முத்து. மற்றொன்று, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் ஆழமற்ற நீர்வழி. மேற்கே இராமர் அணையின் மணல்திட்டுகள் மறிப்பதால், சிறு மரக்கலங்கள் இவ்வழியை நாடின. கோட்டை அதற்குக் காவலாயிற்று.

ஆயினும், கோட்டைக்கு முன்னரே இங்கு வணிகம் இருந்தது. பள்ளிமுனையிலே பருத்து நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்கு உரியது. அதையும், தெருக்களிலே திரியும் கழுதைகளையும் அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர்.

முத்துக் குளிப்பு ஓய்ந்த பின்னரும் துறை ஓயவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் புகைவண்டி ஏறியவர் கடல் கடந்து கொழும்பு வரை செல்லலாயினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1980களிலே போர் அதையும் நிறுத்தியது.

அதனினும் பெரிய இழப்பு 1990 அக்டோபரில் நேர்ந்தது. வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாராய் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்தனர். கோட்டைச் சுவர் நின்றது. அதனருகே வாழ்ந்தோருள் ஒரு பகுதியினர் இல்லை. மூன்று வல்லரசுகள் மாறியபோதும் தீவு இவ்வாறு வெறுமையுற்றதுண்டோ?

2009இல் போர் முடிந்தது. 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. எதிர்க்கரைக் கப்பல் அன்று திரும்பவில்லை. வெளியேறிய மக்களுள் ஒரு பகுதியினர் திரும்பினர். புத்தளத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ, தந்தையின் ஊர் கேள்வியால் அறிந்த ஊராகவே இருந்தது. அவர்கள் புதிதாக வேரூன்ற வேண்டியிருந்தது.

ஆகவே, மன்னார்க் கோட்டையைக் காணச் செல்வோர் கொத்தளத்தோடு திரும்பிவிடுதல் போதாது. தாராபுரம் போன்ற ஊர்களுக்கும் சென்று, திரும்பி வந்தோர் கட்டிய வீடுகளையும் காணுதல் வேண்டும். துறையின் வரலாறு கல்லிலே பாதி. மறுபாதி அங்கே இருக்கிறது.