மேஜை ஒன்று, முடிவு யார் கையில்?

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகளின் சர்க்கார்கள் கூடி, 2030க்குள் நிறைவேற்ற வேண்டிய 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. இவற்றுக்கு 'நீடித்த வளர்ச்சி இலக்குகள்' என்று பெயர். 6வது இலக்கு எல்லோருக்கும் குடிநீர், சுகாதாரம். 8வது கண்ணியமான வேலை. 11வது பாதுகாப்பான நகரம். 17வது என்ன? இவை அனைத்தையும் சர்க்கார், தொழில் நடத்துவோர், விஞ்ஞானிகள், ஜனங்களின் ஸ்தாபனங்கள் எல்லோரும் ஒன்றுகூடிச் சாதிக்க வேண்டும் என்பது.

நியூயார்க்கில் பேசியதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீதியில் படகு ஓடியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. 6வது இலக்கும் 11வது இலக்கும் நம் வாசற்படியில்தான் நிற்கின்றன, தோழர்களே!

தண்ணீருக்கு இலாகா தெரியாது. ஆதனூர் ஏரி நிரம்பினால் அடையாற்றில் பாய்ந்து, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாகக் கடலுக்குப் போகிறது. கிழக்கே சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஆனால் ஏரி ஒரு இலாகாவிடம், தெருக்கால்வாய் மாநகராட்சியிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தண்டவாளத்துக்கடியில் உள்ள பாலம் ரயில்வேயிடம், சதுப்பு நிலம் வனத்துறையிடம். ஒருவர் கால்வாயை அகலமாக வெட்டுகிறார். அடுத்தவர் எல்லையில் அது குறுகிவிடுகிறது. தண்ணீர் எங்கே போகும்? நம் குடிசைக்குள்தான் வரும். ஆகவே எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைப்பது அவசியம். இதை நாம் வரவேற்கிறோம்.

அந்த இடத்தில் தொழிலாளிக்கும் நாற்காலி உண்டா? உண்டு. 1992இல் ரியோ மாநாடு இத்தகைய கலந்தாலோசனைக்கு ஒன்பது பிரிவினரைக் குறிப்பிட்டது. அவர்களில் தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் ஒரு பிரிவு. விவசாயிகள் ஒரு பிரிவு. பெண்கள் ஒரு பிரிவு. நம் நாட்டில் 73வது, 74வது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் அமுலுக்கு வந்தன. ஒன்று கிராம சபைக்கு இடம் தந்தது. மற்றொன்று பெரிய நகரங்களில் வார்டு கமிட்டிக்கு இடம் தந்தது. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளுடன் அமைந்தது. மறு ஆண்டு நவம்பர் முதல் தேதி, பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார்.

ஆனால், நாற்காலிகள் சமமாக இருப்பதால் பலமும் சமமாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது. முதலாளி காரில் வருகிறார். வக்கீலும் கணக்குப்பிள்ளையும் கூட வருகிறார்கள். வேலை நேரத்தில் சபை கூடினால், தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து வர வேண்டும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கதையைப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும்படி ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தார்கள். பல ஆலைகள் அசையவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும்! நம் பல்லாவரம், குரோம்பேட்டை அன்று சேர்ந்திருந்த செங்கை மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பேச்சுக்குப் பின்னால் சட்டத்தின் பலம் வந்தபோதுதான் காரியம் நகர்ந்தது. ஆலை ஓடினால் கெட்ட தண்ணீரைக் குடிப்பவன் தொழிலாளி. ஆலையை மூடினால் வேலை இழப்பவனும் தொழிலாளியே. அவன் இல்லாமல் எடுக்கும் முடிவு எப்படி நியாயமாகும்?

ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். குடியமர்த்திய இடமோ சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம்! நகரத்தில் பார்த்துவந்த வேலை வெகு தூரமாகிவிட்டது. மேஜையில் இல்லாதவன் தலையில்தான் சுமை இறங்குகிறது.

வேறு வழி உண்டு என்பதற்கு உதாரணங்களும் உண்டு. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் பட்ஜெட்டில் ஒரு பகுதியை வட்டாரக் கூட்டங்களில் ஜனங்களே வகுக்கச் செய்தது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. சபைக்குப் பணம் வந்தது, ஜனங்கள் வந்தார்கள். பணமில்லாத சபை வெறும் பேச்சு மேடை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, தனியாகப் போகாதீர்கள். சங்கத்தில் முன்கூட்டியே கூடி, நம் தெருவின் முதல் கோரிக்கை எது என்று முடிவு செய்து, பெண்களையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, கணக்கோடு செல்லுங்கள். எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, வெள்ளம் எத்தனை அடி நின்றது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதிகாரி வரைபடத்தைக் காட்டினால் நீங்கள் சுவரில் உள்ள கறையைக் காட்டுங்கள்.

மூன்றாவது, தீர்மானத்தை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். எந்த இலாகா, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, போன தீர்மானம் என்னாயிற்று என்பதே.

நான்காவது, வேலை முடிந்த பின் மாலையில் சபையைக் கூட்டும்படி கோருங்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கிராம சபை கூடும் ஆறு நாட்களில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். மே முதல் தேதி நம்முடைய தினம். அந்த இரு நாட்களிலும் ஏரியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேச நாம் அங்கே இருக்க வேண்டும்.

மேஜையைப் புறக்கணிப்பது சரியல்ல. மேஜையை நம்பி உட்கார்ந்திருப்பதும் சரியல்ல. ஒற்றுமையாக உள்ளே செல்வோம். தீர்மானம் நிறைவேறும் வரை வெளியேயும் ஒற்றுமையாக நிற்போம்!