விசைப்பலகை யாருடைய தமிழைக் கற்கிறது?



பயன்படுத்துவோரின் பழக்கத்திற்கேற்ப மென்பொருள் தன்னை மாற்றிக்கொள்ளலாமா என்னும் வினாவை, நம் கையிலுள்ள தமிழ் விசைப்பலகையைக் கொண்டே ஆராய விழைகிறோம்.

1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வரும். ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து' வரும். புள்ளியை நாம் இடுவதில்லை. மெய் இரட்டித்தாலும், நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் முன்னெழுத்து தானே புள்ளி பெறுகிறது. இங்கே கருவி இணங்குவது மொழிக்கு, ஆளுக்கன்று. அலோர் காஜாவில் தட்டினாலும் சென்னையில் தட்டினாலும் விளைவு ஒன்றே.

இன்றைய கைப்பேசிகள் இதற்கு மேலும் ஒன்று செய்கின்றன. நாம் எழுதும் சொற்களை நினைவில் வைத்து, அடுத்த முறை முதலெழுத்தைத் தட்டியதுமே எடுத்து நீட்டுகின்றன.

ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாணவர் மூவரின் கட்டுரைகளை நாம் பார்க்க நேர்ந்தது. மூன்றிலும் 'பல்லிக்கூடம்' என்றே இருந்தது. பார்த்து எழுதினார்கள் என்று ஆசிரியை கடிந்துகொண்டார். உண்மையில் மூவரும் தட்டியது ஒரே பலகைக் கணினியில். முதல் மாணவன் செய்த லகர ளகர மயக்கத்தைக் கருவி கற்றுக்கொண்டு, மற்ற இருவருக்கும் கற்பித்துவிட்டது. பிள்ளைகள் கருவியை நம்பினார்கள். பல்லிக்குத்தான் கூடம் கிடைத்தது.

இதனால் இவ்வசதியே தீது என்று முடிவுகட்ட நாம் அணியமாக இல்லை. புக்கிட் அசகானில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் பேரனுக்குச் செய்தி எழுதுகிறார். 'பெரட்டு', 'ஆயாக்கொட்டகை', 'பசியாறிட்டியா' என்பன அவருடைய சொற்கள். தொடக்கத்தில் கைப்பேசி இவற்றுள் ஒன்றையும் எடுத்துத் தரவில்லை. சில கிழமைகள் அவர் எழுதிய பின்னரே தரத் தொடங்கியது. வேறெந்தச் சொற்பட்டியலை நம்பி அவர் காத்திருப்பது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின் இச்சொற்களை எழுதுவோரே அருகிவிட்டனர்.

ஆயினும் சொல் மாறலாம்; விசையின் இடம் மாறலாகாது. விடியலுக்கு முன் விளக்கொளியில் மரம் வெட்டிய கைக்கு இடத்தின் அருமை தெரியும். மைக்ரோசாப்டு நிறுவனம் தன் ஆபிஸ் 2000 மென்பொருளில், அதிகம் பயன்படாத கட்டளைகளைப் பட்டியலிலிருந்து தானே மறைத்துவைத்தது. தேடிய கட்டளை பழைய இடத்தில் இல்லாமல் பலர் திகைத்தனர். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முறை கைவிடப்பட்டது.

எனவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பலர் கைமாறும் பள்ளிக் கருவிகளில், கற்ற சொற்களை அழிக்கும் வசதி அமைப்புப் பகுதியில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தவணைதோறும் அழித்துவிடுங்கள். அந்தப் பள்ளியில் அன்றே அழித்தோம். மூதாட்டியின் கைப்பேசியில் மட்டும் எதையும் அழிக்க வேண்டா என்று பேரனிடம் சொல்லி வந்தோம்.